உன் நம்பர்லேர்ந்துதான் வந்துது

தென்னாற்காட்டைப் பிரித்து விழுப்புரத்தைத் தனி மாவட்டமாக்கிய வருஷம் சூர்யகலா ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். ஊர் செஞ்சியை அடுத்த வல்லத்துக்குப் பக்கத்தில். அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் சொந்த நிலம் கொஞ்சம் இருந்தது. ஒரு போகம் நெல், ஒரு போகம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை. பத்தாவதில் கணக்கில் தவறினாள். மறுபடி எழுது என்று யாரும் வற்புறுத்தவில்லை. களை எடுக்கவும் மல்லாட்டை உரிக்கவும் போய்க்கொண்டிருந்தவளை, 1999இல் திண்டிவனத்தை அடுத்த ஓர் ஊரில் பார்த்திபனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

பார்த்திபன் லாரி டிரைவர். மரக்காணத்து உப்பளங்களில் லோடு ஏற்றிக்கொண்டு ஆந்திரா, மகாராஷ்டிரா என்று போவான். போனால் வர இருபது நாள்கூட ஆகும். நல்லவன்தான் என்று சூர்யகலா இன்றைக்கும் சொல்வாள். ஊருக்கு வந்தால் மகள் கலைப்பிரியாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெரு முழுக்கச் சுற்றுவானாம். மகளுக்கு மூன்று வயதாகும்போது அவனுக்கு விடாத காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து, ஆள் இளைத்து, பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள் அவளையும் கூப்பிட்டு எடுத்தார்கள். பிறகு குழந்தைக்கும் எடுத்தார்கள். அவனுக்கு எச்.ஐ.வி. இருந்தது. அவளுக்கும் இருந்தது. குழந்தைக்கு இல்லை.

அவன் இறந்த பிறகு மாமியார் வீட்டில் முதலில் தட்டு தனியானது, அப்புறம் பாய், அப்புறம் குளிக்கிற இடம். பிறந்த வீட்டுக்குப் போனாள். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. தன் பிள்ளைகளை மட்டும் கலைப்பிரியாவோடு விளையாடவிடாமல் உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள். யாரும் போ என்று சொல்வதற்கு முன்னால் சூர்யகலா மகளைக் கூட்டிக்கொண்டு திண்டிவனத்துக்கு வந்துவிட்டாள்.

திண்டிவனத்தில் அவளை யாருக்கும் தெரியாது. செஞ்சி ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில், தனம் என்பவள் வீட்டின் பின்கட்டில் ஓர் அறை கிடைத்தது. புருஷன் எப்படிப் போனார் என்று தனம் கேட்டபோது, "ஆக்சிடெண்ட்ல போயிட்டாருக்கா" என்றாள். லாரி டிரைவர் ஆக்சிடெண்டில் செத்தார் என்றால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

பழைய கிரைண்டர் ஒன்றை வாங்கி இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தாள். முதலில் அந்தத் தெருவுக்கு, அப்புறம் பக்கத்துத் தெருக்களுக்கு. டிபன் கடை வைத்திருந்த பச்சமுத்து தினம் இரண்டு வாளி எடுத்தார். "உன் மாவுல ஊத்துனா இட்லி பஞ்சாட்டம் வருதும்மா" என்று மற்றக் கடைக்காரர்களிடமும் சொல்லிவிட்டார். கைபேசி வந்தபிறகு ஆர்டர் எல்லாம் அதில்தான். ஊரில் பாதிப் பேருடைய கைபேசியில் அவள் "மாவு சூர்யா" என்றிருந்தாள். பாதிப் பேர் அவளுடைய கைபேசியில் இருந்தார்கள்.

மாதம் ஒருமுறை விழுப்புரம் போய் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து வாங்கி வருவாள். தனத்திடம் மாமியார் ஊருக்கு என்பாள். மாத்திரைகளை ஒரு சத்து மாவு டப்பாவின் அடியில் போட்டு மேலே பொட்டுக்கடலையைக் கொட்டி வைப்பாள். மகளுக்கும் சொல்லவில்லை. பெரியவளாகட்டும், பத்தாவது முடிக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனாள். இப்படி எட்டு வருஷம் யாரிடமும் வாய் திறக்காமல் ஓடியது. எல்லோரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். உள்ளே இருக்கும் பேச்சு ஒன்றுகூட வெளியே வராது.

2012இல் விழுப்புரத்தில் மருந்துக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி தன் கைபேசியைக் காட்டினாள். அதில் "மறுகரை" என்று ஒரு தளம். ஊர் உலகமெல்லாம் இருக்கிற பெரிய தளத்தைப் போலவே இதிலும் எழுதலாம், பதில் போடலாம், தனியாகவும் பேசிக்கொள்ளலாம். ஆனால் இது எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மட்டும். பெரிய தளத்தில் முகம், ஊர், சித்தப்பா, மாமன் மகன் எல்லோரும் வந்து நிற்பார்கள். இங்கே படம் கிடையாது, உண்மைப் பேரும் கிடையாது. கைபேசி எண்ணை மட்டும் கேட்டது. "உங்கள் எண்ணை வேறு யாரும் பார்க்க முடியாது" என்று முதல் பக்கத்திலேயே தமிழில் போட்டிருந்தது. சூர்யகலா அதை இரண்டு தடவை படித்துவிட்டுச் சேர்ந்தாள். பேர் கேட்ட இடத்தில் "மல்லாட்டை" என்று போட்டாள்.

கிரைண்டர் ஓடும் நேரமெல்லாம் அவளுக்கு மறுகரைதான். விருந்தாளிகள் வந்து தங்கினால் மாத்திரையை எங்கே ஒளித்து வைப்பது என்று ஒருத்தி கேட்பாள். மாத்திரை போட்டுப் படுத்தால் வரும் விநோதக் கனவுகளைப் பற்றிப் பத்துப் பேர் பத்துக் கதை சொல்வார்கள். சேலத்துப் பக்கத்து ஆள் ஒருவர் நோயைப் பற்றி எழுதவே மாட்டார். தன் மாடுகளைப் பற்றித்தான் எழுதுவார். பார்த்திபன் எப்படிச் செத்தான் என்ற உண்மையை சூர்யகலா முதல்முறையாக அங்கேதான் எழுதினாள். எழுதிவிட்டுக் கைபேசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரத்தில் யார் யாரோ பதில் எழுதிவிட்டார்கள். "அழுவாத மல்லாட்டை, நாங்க இருக்கோம்" என்று ஒருவர். அன்றைக்கு உளுந்து அதிகமாக அரைபட்டு மாவு நீர்த்துப் போனது.

அடுத்த வருஷம் விழுப்புரத்தில் அதே வரிசையில் ஒரு மீனவரைப் பார்த்தாள். மரக்காணத்துப் பக்கம் கடலோரக் குப்பம். பேர் சவுரிராயன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

"துண்ட எடுங்கண்ணே. இங்க எல்லாரும் நம்ம ஆளுங்கதான்" என்றாள்.

அவர் எடுக்கவில்லை, ஆனால் சிரித்தது கண்ணில் தெரிந்தது. திரும்பி வரும்போது ஒரே பஸ். திண்டிவனம் வருவதற்குள் அவருடைய கைபேசியில் மறுகரையை ஏற்றிக் கொடுத்துவிட்டாள்.

"யாருக்குன்னா தெரிஞ்சிடப் போவுது தங்கச்சி."

"தெரியாதுண்ணே. அங்க பேரே கேக்க மாட்டாங்க."

அவர் "கெளுத்தி" என்று பேர் வைத்துக்கொண்டார். கடலில் இருந்து வந்து வலையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தால் தப்பும் தவறுமாக எழுதுவார். எல்லோருக்கும் அவரைப் பிடித்துப் போயிற்று. சூர்யகலாவுக்கு மட்டும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. அவருக்கு கிருஷ்ணவேணி என்று மனைவி இருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

"வேணி அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று தனிச்செய்தியில் கேட்பாள்.

"தடைக்காலம் முடியட்டும் தங்கச்சி. கடலுக்குப் போவாம வூட்ல குந்திக்கினு இருக்கும்போது சொன்னா சண்டதான் வரும்" என்று எழுதுவார்.

தடைக்காலம் முடிந்தது. அப்புறம் நல்ல மீன் படுகிற நேரம் என்றார். மறுவருஷத் தடைக்காலமும் வந்து போனது. அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். மறுகரையில் ஒருவரை ஒருவர் நெருக்குவதில்லை. ரகசியம் அவரவருடையது. அதுதான் மரியாதை என்று நினைத்தாள்.

2014 ஆவணியில் மறுகரை திறக்கவில்லை. பழைய தளம் மூடப்படுகிறது, புதிய செயலியை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு செய்தி வந்தது. முகூர்த்த நாள்கள், ஆர்டர் ஏராளம். ஒரு கையில் மாவுக் கரண்டியோடு செயலியை ஏற்றினாள். பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் எதையோ கேட்டது. கீழே ஒரு நீலப் பொத்தான். அதை அழுத்தினால்தான் அடுத்த பக்கம் வந்தது. அழுத்தினாள், மறுபடியும் கேட்டது, மறுபடியும் அழுத்தினாள்.

மத்தியானம் கைபேசியில் பேலன்ஸ் தீர்ந்துவிட்டது என்று செய்தி வந்தது. நேற்றுத்தானே போட்டோம் என்று யோசித்தாள். அப்புறம் வேலையில் மறந்துவிட்டாள்.

சாயங்காலம் தனம் பின்கட்டு வாசலில் வந்து நின்றாள். எப்போதும் உள்ளே வந்து கட்டிலில் உட்காருகிறவள் அன்றைக்கு வரவில்லை.

"சூர்யா, இது இன்னா மெசேஜு? ராம்கி படிச்சுக் காட்டுனான்." ராம்கி தனத்தின் மகன், காலேஜில் படிப்பவன்.

கைபேசியை நீட்டினாள். செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. மூன்றே வரி. எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களுக்கான மறுகரையில் நான் இருக்கிறேன், நீங்களும் வந்து சேருங்கள், இதோ சுட்டி. அதில் பேர் எதுவும் இல்லை. பேர் வேண்டியும் இருக்கவில்லை. மேலே "மாவு சூர்யா" என்றிருந்தது.

"எனுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. யாரோ வெளையாடிக்கினு இருக்காங்க."

"உன் நம்பர்லேர்ந்துதான் வந்துது."

"நான் அனுப்பலக்கா."

"அப்போ யாரு அனுப்பனது?" தனம் குரலை உயர்த்தவில்லை. "எங்க வூட்டுக்காரருக்கும் வந்துக்குது. எதிர்வூட்டுக்கும் வந்துக்குது. பொய்யின்னா பொய்யின்னு சொல்லு சூர்யா, நான் தெருவுல சொல்லிடறேன்."

பொய் என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தனம் அதற்காகத்தான் காத்து நின்றாள். ஆனால் சூர்யகலாவுக்கு அந்த நிமிஷத்தில் சொல்ல வரவில்லை. தனம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பச்சமுத்துவின் வண்டி வந்தது. காலையில் எடுத்துப்போன மாவு வாளிகள் இரண்டும் வண்டியிலேயே இருந்தன. அவர் இறங்கவில்லை.

"தப்பா நெனக்காதம்மா. எனுக்கு ஒண்ணும் இல்ல. கடைக்கு நாலு பேரு வர்றாங்க, கேக்குறாங்க. நாளைக்கி வேணாம். அப்பறம் நானே சொல்றேன்."

"மாவுல ஒட்டாது அண்ணாச்சி. டாக்டரே சொல்வாரு."

"தெரியும்மா. ஜனங்களுக்குச் சொல்லிக்கினு இருக்க முடியுமா?"

வாளிகளை அவளே இறக்கிக்கொண்டாள்.

கலைப்பிரியா டியூஷனிலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள். எட்டாவது படித்தாள் அப்போது. தோழியின் அம்மாவுக்கும் செய்தி வந்திருந்தது.

"நெஜமாம்மா?"

சூர்யகலா ஆமென்று தலையை அசைத்தாள்.

"எனுக்கும் இருக்குதா?"

"உனுக்கு இல்ல கண்ணு. மூணு வாட்டி பாத்தாச்சு. இல்ல."

கலைப்பிரியா பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். பிறகு, "அப்பாவுக்கு ஆக்சிடெண்ட் ஆவலையா?" என்று கேட்டாள். பத்து வருஷமாகத் தாயும் மகளும் லாரி ஒன்று மோதித்தான் அவன் செத்ததாகப் பேசி வந்தார்கள். கலைப்பிரியா லாரியைக் கண்டால் ரோட்டு ஓரத்துக்கு ஒதுங்குவாள்.

மறுநாள் ஒருவரும் மாவுக்கு வரவில்லை. மூடி போட்டு வைத்த வாளிகளெல்லாம் வெயிலில் புளித்துப் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு தரையில் வழிந்தன. அந்தப் புளித்த வாடையில் உட்கார்ந்துதான் பழைய மறுகரையில் உதவிக்கென்று போட்டிருந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

எடுத்தவர் பேர் கோகுலகிருஷ்ணன். சென்னையில் இருந்தார். குரல் இளசு. அவள் பேச ஆரம்பித்ததுமே, "அக்கா, காலைலேர்ந்து போன் வந்துக்கிட்டே இருக்கு" என்றார். அண்ணன் இந்த நோயில் செத்ததால் அண்ணனைப் போன்றவர்களுக்காக அந்தத் தளத்தைக் கட்டியவர் அவர். ஆள் சேரச் சேர நடத்த முடியவில்லை. செயலிகள் செய்யும் ஒரு கம்பெனி எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. கொடுத்துவிட்டார்.

"அவங்க செய்யற எல்லாச் செயலியிலயும் அப்படித்தான் வெச்சிருக்காங்க அக்கா. புதுசா ஏத்தினா போன்ல இருக்கற எல்லா நம்பருக்கும் அழைப்பு போவும். பாட்டு செயலிக்கு வெச்ச மாதிரியே இதுக்கும் வெச்சிட்டாங்க. இது என்ன மாதிரி எடம்னு அவங்க யோசிக்கல."

"யோசிக்கலியா?"

"அனுமதி கேட்டாங்களே, நீங்க அழுத்தினீங்களேன்னு சொல்றாங்க அக்கா."

"நாங்க எழுதனதெல்லாம் அழிச்சிடு தம்பி. மொதல்ல அத அழி."

அவர் அழுதுவிட்டார். "சாவி எங்கிட்ட இல்ல அக்கா. எல்லாம் அவங்ககிட்ட இருக்கு."

அவரைத் திட்டக்கூட அவளுக்குத் தெம்பு வரவில்லை. பேசி முடித்ததும் செயலிக்கு உள்ளே போய்த் தன் கணக்கை அழித்தாள். பிறகு கைபேசியிலிருந்து செயலியையும் அழித்தாள்.

காவல் நிலையத்துக்கும் ஒருமுறை போய்ப் பார்த்தாள். அங்கிருந்தவர் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, முழுதும் கேட்டார். பிறகு கைபேசியைக் காட்டி, "உங்க நம்பர்லேர்ந்து போயிருக்குது. நீங்களே ஓகே குடுத்திருக்கீங்க. நான் யாரு மேலம்மா எழுதறது?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. நோய் இருப்பதைச் சம்மதமில்லாமல் வெளியே சொல்வது குற்றம் என்று ஒரு சட்டம் பிறகு வந்தது. அதற்குள் மூன்று வருஷம் ஓடியிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் அவளை அரித்துக்கொண்டிருந்தது கெளுத்தியின் நினைப்பு. அவர் கைபேசி அணைந்தே கிடந்தது. ஒரு காலையில் மரக்காணம் பஸ் ஏறிப்போய், கேட்டுக் கேட்டு அவருடைய வீட்டைக் கண்டுபிடித்தாள். வழிகேட்ட இடத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் பதில் சொல்வதற்கு முன் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

கிருஷ்ணவேணி வாசலில் மீன் உலர்த்திக்கொண்டிருந்தாள். சவுரிராயன் வீட்டில் இல்லை. கூடத் தொழில் செய்கிறவர்கள், ஏலக்காரர், சம்பந்தி வீடு என்று எல்லோருக்கும் அவர் எண்ணிலிருந்து செய்தி போயிருந்தது. படகில் ஏற்றமாட்டோம் என்று யாரும் சொல்லும் வரை அவர் காத்திருக்கவில்லை. மங்களூர்ப் பக்கம் படகு வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். மருந்தை எடுத்துப்போனாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

"அண்ணி, நான் திண்டிவனம். சவுரிராயன் அண்ணன்..."

"யாரு அண்ணி?" கிருஷ்ணவேணி எழுந்தாள். "மல்லாட்டையா நீ? போறப்ப சொல்லிட்டுத்தான் போனாரு. அந்தப் பொண்ணுதான் போன்ல போட்டுக் குடுத்துதுன்னு."

"ஆமாண்ணி" என்றாள் சூர்யகலா.

"எனுக்கும் ரத்தம் எடுத்தாங்க. எனுக்கும் இருக்குதாம். எப்பலேர்ந்துன்னு தெரியலையாம்." கையிலிருந்த மீனைத் தட்டில் போட்டாள். "அவரு சொல்லல. சரி, பயந்தாரு. உனுக்கு இன்னா? நான் ஒருத்தி இங்க இருக்கறேன்னு உனுக்குத் தெரியும் இல்ல? ஒரு வருசமா தெரியும் இல்ல?"

"தெரியும்."

"எவனோ முகந்தெரியாதவன் மெசேஜு அனுப்பித்தான் எனுக்குத் தெரியணுமா? அவன் அனுப்பலன்னா நான் எப்பத் தெரிஞ்சிக்கினு இருப்பேன்? போ. போயிடு."

திரும்பி வரும் பஸ்ஸில் சூர்யகலாவுக்கு எல்லாம் குழம்பிப் போயிருந்தது. தன் வாழ்க்கையைக் கெடுத்த அதே செய்திதான் அந்தப் பெண்ணை மருந்துக்கு அனுப்பியது. அதற்காக அந்தச் செய்தியை நல்லது என்று அவளால் நினைக்க முடியவில்லை. தான் வாயை மூடிக்கொண்டிருந்ததை மரியாதை என்றும் அதற்குப் பிறகு நினைக்க முடியவில்லை.

அந்த மாதமே தனம் அறையைக் காலி செய்யச் சொன்னாள். சொல்லும்போது அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சூர்யகலா விழுப்புரத்துக்கே போய்விட்டாள். யாரும் சாப்பிடுகிற பொருள் வேண்டாம் என்று, துணிக்கடைகளுக்குப் புடவை ஓரம் அடித்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தாள். முதலாளியம்மாவிடம் முதல் நாளே நோயைச் சொல்லிவிட்டாள். அந்த அம்மா கொஞ்சம் யோசித்து, "மத்தவங்ககிட்ட சொல்லாத" என்று சேர்த்துக்கொண்டார். கலைப்பிரியாவுக்குப் புதுப் பள்ளிக்கூடம். அவள் அம்மாவோடு பேசுவது குறைந்துபோனது. தன் கைபேசியை யார் கையிலும் கொடுக்கமாட்டாள், அம்மா கையிலும்கூட.

எண்ணை மாற்றிவிடு என்று பலர் சொன்னார்கள். சூர்யகலா மாற்றவில்லை. அவள் சொல்லி மறுகரையில் சேர்ந்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவள் ஒருத்தி, வேலை போன ஒருவர் என்று அவ்வப்போது அந்த எண்ணுக்குத்தான் கூப்பிட்டார்கள். அவளைத் திட்டுவதற்காகக் கூப்பிட்டவர்களும் உண்டு. எல்லாவற்றையும் எடுத்துப் பேசுவாள்.

2016இல் ஒருநாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கிருஷ்ணவேணி. சவுரிராயன் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து, காசநோயில் பதினைந்து நாள் கிடந்து இறந்துபோனார் என்றாள். மருந்து வாங்க விழுப்புரம் வருவதாகச் சொன்னாள். 

பஸ் ஸ்டாண்டில் சந்தித்தார்கள். டீ வாங்கிக் கொடுத்ததைக் கிருஷ்ணவேணி குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அவரு அங்க இன்னா எழுதினாருன்னு பாக்கணும். எங்கிட்ட ஒண்ணுமே பேசல. வந்து படுத்தாரு, போயிட்டாரு. அங்கதான் எல்லாத்தையும் எழுதினாராமே, காட்டு."

"எங்கிட்ட இல்லண்ணி. அன்னிக்கே அழிச்சிட்டேன்."

"எல்லாம் போயிடுச்சா?"

"போவல. அந்தக் கம்பெனிகிட்ட இருக்கும். நம்ம கைக்கு வராது."

"எவனோ படிப்பான். நான் படிக்கக் கூடாதா?"

அந்த எழுத்து கையில் இருந்திருந்தால் காட்டியிருப்போமா என்று சூர்யகலாவுக்குத் தெரியவில்லை. செத்தவர் தன்னை நம்பி எழுதியது. கேட்பவள் அவருடைய பெண்டாட்டி. நினைவில் இருந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். கடலில் நிற்கும்போது மாத்திரை நனைந்துவிடக் கூடாது என்று பலூனுக்குள் போட்டு முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டதை எழுதியிருந்தார். சின்ன மகனுக்குக் கடலைக் கண்டால் பயம் என்று எழுதியிருந்தார். வேணி வைக்கும் கேப்பைக் கூழுக்கும் கருவாட்டுக்கும் ஈடில்லை என்று எழுதியிருந்தார். சொல்லிவிடலாம் என்று வீடுவரை வந்து, அவள் முகத்தைப் பார்த்ததும் முடியாமல் போன நாள்களைப் பற்றி நிறைய தடவை எழுதியிருந்தார்.

மரக்காணம் பஸ் வந்து நின்றது. கிருஷ்ணவேணி ஏறவில்லை.

"இன்னும் சொல்லு" என்றாள்.